டைட்டானியத்தின் தோல்

புதிதாக வாங்கிய இரும்புத் தோசைக்கல்லில் வார்த்த முதல் தோசை ஒழுங்காக வருவதில்லை. கல்லோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது கிழிந்துபோகிறது. எண்ணெய் தடவிக் காய்ச்சி, மீண்டும் எண்ணெய் தடவிக் காய்ச்சிச் சில நாட்கள் பழக்கிவிட்டால், அதே கல்லில் தோசை வழுக்கிக்கொண்டு வருகிறது. காரணம் என்ன? சூட்டில் எண்ணெய் மாறுதலடைந்து, இரும்பின்மேல் கறுத்த, கெட்டியான படலமாகப் படிந்துவிட்டது. மாவு இப்போது இரும்பைத் தொடுவதில்லை, படலத்தைத்தான் தொடுகிறது. யாராவது அந்தப் படலத்தை அழுந்தத் தேய்த்து எடுத்துவிட்டால், மறுநாள் தோசை மறுபடியும் ஒட்டிக்கொள்ளும்.

ஜெட் விமான இயந்திரத்திலும் ஏறக்குறைய இதே கதை நடக்கிறது. அங்கே இரும்புக்குப் பதில் டைட்டானியம். எண்ணெய்க்குப் பதில் காற்றிலுள்ள ஆக்ஸிஜன். சூடேறினால் உலோகம் மென்மையாகும், ஆகவே விரைவாகத் தேயும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஆனால் டைட்டானியக் கலவை ஒன்றை எஃகின்மேல் தேய்த்துப் பார்த்தால், அறை வெப்பநிலையில் தேய்வதைவிட 500° செ. வெப்பநிலையில் அது மிகக் குறைவாகத் தேய்வதைப் பல ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். இது எப்படி? அப்படியானால் இன்னும் சூடாக்கினால் இன்னும் நல்லதா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போம்.

மணலிலிருந்து வந்த உலோகம்

1791-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரிகர் என்ற பாதிரியார் ஒரு கறுப்பு மணலை ஆராய்ந்து, அதில் அதுவரை அறியப்படாத ஓர் உலோகம் இருப்பதைக் கண்டார். 1795-ல் ஜெர்மானிய வேதியியலார் மார்ட்டின் கிளாப்ராத், கிரேக்கப் புராணத்து டைட்டான்களின் நினைவாக அதற்கு டைட்டானியம் எனப் பெயரிட்டார். அந்தக் கறுப்பு மணலில் இருந்த கனிமம் இல்மனைட். நமது கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் அதே இல்மனைட் கிடைக்கிறது.

கண்டுபிடித்தாகிவிட்டது, ஆனால் பெருமளவில் உலோகமாகப் பிரித்தெடுக்கும் வழி கிடைப்பதற்குள் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஓடிவிட்டது. ஏனெனில் சூடான டைட்டானியம் ஆக்ஸிஜனையும் நைட்ரஜனையும் கண்டால் விடாது. பற்றி இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் கிரால் 1930-களின் இறுதியில், காற்றே புகாத கலத்தில் டைட்டானியம் குளோரைடை மக்னீசியத்தோடு வினைபுரியச் செய்து வெற்றிகண்டார். இன்றும் பெருமளவில் அம்முறையே பின்பற்றப்படுகிறது.

இத்தனை பாடு எதற்காக? டைட்டானியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம், எஃகின் அடர்த்தி 7.8 கிராம். எடையில் எஃகின் பாதிக்குச் சற்றே கூடுதல், வலிமையிலோ நல்ல எஃகுக்கு நிகர், உருகுநிலை 1668° செ. இதனுடன் நூற்றுக்கு 6 பங்கு அலுமினியமும் 4 பங்கு வனேடியமும் சேர்த்த கலவையே உலகில் மிகுதியாகப் பயன்படும் டைட்டானியக் கலவையாகும். ஜெட் இயந்திரத்தின் முன்புற விசிறியிலும், அதற்குப் பின்னால் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் முன் வரிசைகளிலும் இத்தகைய கலவைகளாலான பிளேடுகள் நிற்கின்றன.

ஆக்ஸிஜன் மீது டைட்டானியத்துக்குள்ள தீராத பசியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையில் நாம் காணப்போகும் நன்மை தீமை எல்லாம் அதிலிருந்தே வருகின்றன.

உண்மையில் தொடும் இடம் எவ்வளவு?

உராய்வு விசை, தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததன்று என்று இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். பிரெஞ்சு நாட்டு அமாண்டன் 1699-லேயே இதைக் கூறினார். ஆனால் இதற்கான விளக்கம், இருபதாம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்ற இருவர் செய்த ஆய்வுகளில்தான் தெளிவாகக் கிடைத்தது.

எவ்வளவு மழமழப்பாக்கிய உலோகமும் அணு அளவில் பார்த்தால் மேடும் பள்ளமும் நிறைந்ததே. இரண்டு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், மேடுகளின் நுனிகள் மட்டுமே தொடுகின்றன. சுமையைத் தாங்கப் போதுமான அளவு நுனிகள் நசுங்கியதும் நசுங்குவது நின்றுவிடுகிறது. ஆகவே உண்மையில் தொடும் பரப்பைக் காணச் சுமையை உலோகத்தின் கடினத்தால் வகுத்தால் போதும். மேற்சொன்ன டைட்டானியக் கலவையின் கடினம் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,300 நியூட்டன். 10 கிலோ எடையை, அதாவது ஏறக்குறைய 100 நியூட்டன் விசையை, அதன்மேல் வைத்தால் உண்மையில் தொடும் பரப்பு 100 ÷ 3,300 = 0.03 சதுர மில்லிமீட்டர்தான்! அடிப்பாகம் ஒரு சதுர சென்டிமீட்டர் இருந்தாலும் சரி, பத்து இருந்தாலும் சரி, விடை இதுவே.

இந்தச் சின்னஞ்சிறு இடங்களில் அழுத்தம் மிக அதிகம். அங்கே சுத்தமான உலோகமும் சுத்தமான உலோகமும் சந்தித்தால், இரு பக்கத்து அணுக்களும் கைகோத்துக்கொண்டு பற்றவைத்ததுபோல் ஒட்டிவிடும். நகர்த்தும்போது அந்த ஒட்டுகளை அறுத்தாக வேண்டும். அறுப்பதற்கு வேண்டிய விசையே உராய்வின் பெரும்பகுதி. ஒட்டு அறுபடாமல் அதன் பக்கத்திலுள்ள உலோகம் பிய்ந்து வந்தால், அதுவே தேய்மானம்.

அப்படியானால் கதவுக் கீலும் மிதிவண்டிச் சங்கிலியும் ஏன் ஒட்டிக்கொள்ளவில்லை? எண்ணெய் ஒரு காரணம். எண்ணெய் இல்லாத இடத்திலும் உலோகத்தின்மேல் இயற்கையாகவே ஆக்ஸைடு படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. அதைத்தான் நாம் உலோகத்தின் தோல் என்கிறோம்.

களிமேல் வைத்த அப்பளம்

டைட்டானியத்துக்கும் தோல் உண்டு. காற்றுப் பட்ட கணத்திலேயே அது உண்டாகிவிடுகிறது. கடல் நீரிலும் டைட்டானியம் அரிக்கப்படாமல் இருப்பது இந்தத் தோலால்தான். ஆனால் அறை வெப்பநிலையில் அதன் தடிமன் சில நானோமீட்டர்கள் மட்டுமே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறே ஒரு நானோமீட்டர்.

அப்பளத்தைப் பலகையின்மேல் வைத்து விரலால் அழுத்துங்கள், எளிதில் உடையாது. அதையே கேழ்வரகுக் களியின்மேல் வைத்து அழுத்தினால், களி உள்வாங்க, அப்பளம் நொறுங்கிவிடும். டைட்டானியத்தின் ஆக்ஸைடு கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மையுடையது. அடியிலுள்ள உலோகமோ அதோடு ஒப்பிட்டால் மென்மையானது. சுமை ஏறி நுனிகள் நசுங்கியதும் மேலுள்ள மெல்லிய தோல் உடைகிறது. பச்சை உலோகம் வெளிப்படுகிறது. எதிரிலுள்ள உலோகத்தைப் பற்றிக்கொண்டு கிழிகிறது. கிழிந்த துணுக்கு எதிர்ப்பரப்பில் ஒட்டி, அடுத்த சுற்றில் மேலும் கிழிக்கிறது.

இதனால்தான் டைட்டானிய போல்ட்டில் டைட்டானிய நட்டை வெறுமனே முறுக்கினால், மரை பாதி வழியிலேயே இறுகிப்போகும். பட்டறைக்காரர்கள் இதை 'சீஸ்' ஆகிவிட்டது என்பார்கள். செயற்கை இடுப்பு மூட்டில், எலும்புக்குள் செருகும் தண்டைப் பெரும்பாலும் டைட்டானியக் கலவையால் செய்தாலும், குழிக்குள் சுழலும் பந்தைக் கோபால்ட்-குரோமியக் கலவையாலோ பீங்கான் வகைப் பொருளாலோதான் செய்கிறார்கள்.

இந்தக் குறைபாடு ஒரு விண்வெளிப் பயணத்தையே பாதித்ததுண்டு. வியாழன் கோளை ஆராய 1989 அக்டோபரில் அமெரிக்கா அனுப்பிய கலிலியோ விண்கலத்தில், குடைபோல் விரியும் பெரிய ஆன்டெனா ஒன்று இருந்தது. அதற்கு 18 கம்பிகள். கம்பிகளை மடக்கி வைக்க டைட்டானிய முளைகள், நிக்கல் கலவையாலான குழிகளில் பொருந்தியிருந்தன. 1991 ஏப்ரல் 11 அன்று ஆன்டெனாவை விரிக்க ஆணையிட்டபோது, சில கம்பிகள் மட்டும் விடுபடவே இல்லை. குடை பாதியில் நின்றுவிட்டது. ஏவுவதற்கு முன் விண்கலத்தை லாரியில் நெடுந்தூரம் கொண்டுசென்ற பயணங்களின் அதிர்வில், முளைகளின் மேலிருந்த உலர் மசகு தேய்ந்துபோய், பச்சை உலோகம் பற்றிக்கொண்டது என்று பொறியியலார் முடிவுக்கு வந்தனர். வெற்றிடத்தில் ஆக்ஸிஜன் இல்லை. கிழிந்த தோல் மறுபடி வளர வழியில்லை. பெரிய ஆன்டெனா பயன்படாமலே போக, சிறிய ஆன்டெனா ஒன்றைக் கொண்டு மிக மெதுவாகவே செய்திகளை அனுப்ப முடிந்தது. அப்படியும் கலிலியோ 1995 முதல் 2003 வரை வியாழனைச் சுற்றிப் பல அரிய செய்திகளைத் தந்தது.

உலைக்குள் ஒரு சோதனை

இனி சூட்டுக்கு வருவோம். தேய்மானத்தை அளக்கும் கருவி மிக எளியது. ஒரு வட்டத் தட்டு சுழலும். அதன்மேல் சிறு ஊசி போன்ற உலோகத் துண்டு, தெரிந்த சுமையோடு அழுத்திக்கொண்டிருக்கும். ஊசியை இழுக்கும் விசையை அளந்தால் உராய்வு தெரியும். சோதனைக்கு முன்னும் பின்னும் எடைபோட்டால் தேய்மானம் தெரியும். இந்த அமைப்பு முழுவதையும் மின் உலைக்குள் வைத்தால், வேண்டிய வெப்பநிலையில் சோதிக்கலாம்.

எஃகுத் தட்டின்மேல் டைட்டானியக் கலவை ஊசியை வைத்துச் சோதித்தால், அறை வெப்பநிலையிலும் 200° செ. அளவிலும் ஊசி நன்றாகத் தேய்கிறது. பரப்பில் கிழிசல்களும் கீறல்களும் தென்படுகின்றன. 400° செ. அளவைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. 500, 600° செ. அளவில் தேய்மானம் சட்டெனக் குறைந்துவிடுகிறது. ஊசியை எடுத்துப் பார்த்தால், தேய்ந்த இடத்தில் கறுத்த, வழவழப்பான பூச்சு ஒன்று மின்னுகிறது. மட்பாண்டத்தின்மேல் ஏற்றும் மெருகுபோல் இருப்பதால், ஆய்வாளர்கள் இதை 'மெருகுப் படலம்' என்கிறார்கள். நிக்கல் கலவைகளில் இத்தகைய படலம் உண்டாகும் விதத்தை 1970-களில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஸ்டாட், வுட் முதலியோர் விரிவாக ஆராய்ந்தனர்.

இப்படலம் எவ்வாறு உண்டாகிறது? தேயும்போது உதிரும் நுண் துகள்கள் சூட்டில் உடனே ஆக்ஸைடாகின்றன. சில வெளியே சிதறுகின்றன. மற்றவை பள்ளங்களில் சிக்கி, மேலும் மேலும் அரைபட்டு மாவாகின்றன. அரைபட்ட மாவு அழுத்தத்தாலும் சூட்டாலும் இறுகி, கெட்டியான பலகைபோல் ஆகிறது. எஃகிலிருந்து வந்த இரும்பு ஆக்ஸைடும் அதில் கலந்திருக்கும். சில மைக்ரான் தடிமனுள்ள இந்தப் பலகை, இயற்கைத் தோலைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு தடித்தது. இனித் தேய்வது ஆக்ஸைடும் ஆக்ஸைடும். உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. பழகிய தோசைக்கல்லின் நிலையை டைட்டானியம் அடைந்துவிட்டது!

மூன்று நிபந்தனைகள்

ஆனால் சூடேற்றினால் மட்டும் போதாது. தோல் நிலைத்திருக்க மூன்று நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, தோல் தேயும் வேகத்தைவிட வளரும் வேகம் அதிகமாக இருக்க வேண்டும். வெப்பநிலை உயர உயர ஆக்ஸிஜனேற்றத்தின் வேகம் மிக விரைவாகக் கூடுகிறது. அதனால்தான் 400° செ. அருகே நிலைமை மாறுகிறது.

இரண்டாவது, துகள்கள் ஒன்றோடொன்று இறுகிச் சேர வேண்டும். சூடு போதாவிட்டால் அவை உதிரி மாவாகவே கிடக்கும். ஆக்ஸைடு கடினமானதாகையால், உதிரித் துகள் உப்புத்தாள் போல உலோகத்தை அராவும். அதாவது, இறுகிச் சேர்ந்தால் கவசமாக இருப்பதே உதிர்ந்து கிடந்தால் அரமாகிவிடுகிறது.

மூன்றாவது, அடியிலுள்ள உலோகம் தோலைத் தாங்க வேண்டும். இங்கேதான் சிக்கல். சூடு ஏறினால் தோல் விரைவாக வளர்கிறது. ஆனால் அடியிலுள்ள உலோகம் மென்மையாகிறது. அப்பளம் தடிக்கிறது, ஆனால் அடியில் உள்ள களியும் இளகுகிறது! சுமையோ வேகமோ மிகுந்தால், தடித்த தோலும் பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும்.

தோல் உடலைத் தின்னும்போது

இன்னும் சூடாக்கினால் என்ன? இரும்புக்குள் ஆக்ஸிஜன் அணுக்கள் அதிகம் கரைந்து ஊறுவதில்லை. டைட்டானியத்தின் கதை வேறு. ஆக்ஸைடாக மாறியது போக, மிஞ்சிய ஆக்ஸிஜன் அணுக்கள் உலோகத்தின் உள்ளேயே கரைந்து ஊறத் தொடங்குகின்றன. படிகத்திலுள்ள மொத்த அணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆக்ஸிஜனாக இருக்கும் அளவுக்கு டைட்டானியம் அதைக் கரைத்துவைத்துக்கொள்ள வல்லது. இவ்வாறு ஊறிய அடுக்கு கடினமாகவும், அதே சமயம் கண்ணாடிபோல் நொறுங்குவதாகவும் ஆகிவிடுகிறது. அதில் தோன்றும் ஒரு சிறு விரிசல், சுழலும் பிளேடு அதிர அதிர உள்நோக்கி வளரலாம்.

ஆகவேதான் சாதாரண டைட்டானியக் கலவையை ஏறத்தாழ 400° செ. வரையிலும், வெப்பம் தாங்குவதற்கென்றே உருவாக்கிய சிறப்புக் கலவைகளை ஏறத்தாழ 600° செ. வரையிலும் மட்டுமே நெடுங்காலப் பயனுக்கு நம்புகிறார்கள். உருகுநிலை 1668° செ. ஆக இருந்தும், அதற்கு வெகு கீழேயே எல்லைக்கோடு விழுந்துவிட்டது. ஜெட் இயந்திரத்தில் காற்று அழுத்தப்பட அழுத்தப்படச் சூடேறுகிறது. எனவே கம்ப்ரஸரின் பின் வரிசைகளில் டைட்டானியம் விடைபெற்றுக்கொண்டு, எடை மிகுந்த நிக்கல் கலவைகளுக்கு இடம் கொடுக்கிறது.

சில நொடிகளில் தீ

இன்னொரு பேராபத்தும் உண்டு. கம்ப்ரஸர் பிளேடின் நுனிக்கும் சுற்றியுள்ள உறைக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளியே விடப்படுகிறது. ஏதோ காரணத்தால் நுனி உறையில் உரசுகிறது எனக் கொள்வோம். அழுத்தும் விசை 10 நியூட்டன், உராய்வுக் குணகம் 0.4, நுனியின் வேகம் விநாடிக்கு 300 மீட்டர் என வைத்துக்கொண்டால்,

உராய்வில் உண்டாகும் திறன் = 0.4 × 10 × 300 = 1,200 வாட்.

மின்சார இஸ்திரிப் பெட்டி ஒன்றின் திறன் ஏறக்குறைய 1,000 வாட். அவ்வளவு வெப்பம் சில சதுர மில்லிமீட்டர் இடத்தில் குவிகிறது. செம்பாக இருந்தால் வெப்பம் உடனே உள்ளே பரவிவிடும். டைட்டானியக் கலவையின் வெப்பங்கடத்துதிறனோ செம்பினுடையதில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்குதான். வெப்பம் நுனியிலேயே தேங்குகிறது. சுற்றிலும் அழுத்தப்பட்ட காற்று பாய்ந்துகொண்டிருக்கிறது. பசித்த உலோகத்துக்கு வேறென்ன வேண்டும்? தீப்பற்றிக்கொள்கிறது. பற்றியபின் எரிவதால் எழும் வெப்பமே மேலும் எரிய வைக்கிறது. சில நொடிகளில் உறையையும் துளைத்துவிடக்கூடும். டைட்டானியம் தூய நைட்ரஜனிலும் எரியக்கூடிய அபூர்வ உலோகங்களுள் ஒன்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

இதனால் இயந்திர வடிவமைப்பாளர்கள் ஒரு விதியைக் கடைப்பிடிக்கிறார்கள்: வேகமாகச் சுழலும் டைட்டானியம், நின்றுகொண்டிருக்கும் டைட்டானியத்தின்மேல் உரசும் வாய்ப்பே இருக்கக் கூடாது. அத்தகைய இடங்களில் உறையை எஃகாலோ நிக்கல் கலவையாலோ செய்கிறார்கள். அல்லது, உரசினால் தானே எளிதில் தேய்ந்து வழிவிடும் மென்மையான பூச்சைத் தருகிறார்கள்.

செயற்கைத் தோல்கள்

இயற்கைத் தோலை முழுவதும் நம்ப முடியாதபோது, செயற்கைத் தோல் போர்த்துவதே வழி. விசிறிப் பிளேடின் அடிப்பாகம் வட்டத் தட்டின் காடியில் செருகப்பட்டிருக்கிறது. அங்கே நகர்ச்சி என்பது மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னமே. ஆனால் அதிர்வால் அது லட்சக்கணக்கான தடவை நிகழ்கிறது. ஆகவே செம்பு, நிக்கல், இன்டியம் சேர்ந்த பூச்சையும், அதன்மேல் மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற உலர் மசகையும் இடுகிறார்கள். காற்றில் ஏறத்தாழ 400° செ. தாண்டினால் இந்த மசகும் ஆக்ஸிஜனேற்றமடைந்து பயனற்றுப்போகும்.

மற்றொரு வழி, டைட்டானியத்தின் பசியையே பயன்படுத்திக்கொள்வது. சூடான உலோகத்தின்மேல் நைட்ரஜனைச் செலுத்தினால், பரப்பு டைட்டானியம் நைட்ரைடாக மாறுகிறது. அது உலோகத்தைப்போல் ஐந்தாறு மடங்கு கடினமானது. இரும்புக் கடையில் பொன்னிறத் துளைப்பு பிட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொன் நிறம் டைட்டானியம் நைட்ரைடின் நிறமே.

ஆனால் அதே நைட்ரஜன் இடம் தவறினால் என்னாகும்? 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் பறந்துகொண்டிருந்த டி.சி.-10 விமானம் ஒன்றில், வால்புற இயந்திரத்தின் டைட்டானிய விசிறித் தட்டு வெடித்துச் சிதறியது. அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் தரையிறங்க முயன்றபோது விமானம் நொறுங்கியது. அதிலிருந்த 296 பேரில் 112 பேர் உயிரிழந்தனர். பல ஆண்டுகளுக்கு முன் உலோகத்தை உருக்கியபோது நைட்ரஜன் மிகுந்த கடினமான சிறு புள்ளி ஒன்று உள்ளே தங்கி, அங்கிருந்து தொடங்கிய விரிசல் மெல்ல மெல்ல வளர்ந்ததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. தோலில் இருந்தால் காப்பு. உள்ளே இருந்தால் எமன்.

எல்லைக்கோட்டையே உயர்த்தும் முயற்சியும் நடைபெறுகிறது. டைட்டானியமும் அலுமினியமும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் அணுக்களாகச் சேரும் டைட்டானியம் அலுமினைடு, 700° செ. தாண்டியும் தாக்குப்பிடிக்கிறது, எடையோ நிக்கல் கலவையில் ஏறத்தாழப் பாதிதான். 2011-ல் சேவைக்கு வந்த ஜி.இ.என்.எக்ஸ். இயந்திரத்தில், பின்புற டர்பைனின் கடைசி வரிசைப் பிளேடுகளை இதனால் செய்திருக்கிறார்கள்.

மாணவ நண்பர்களே, கடைசியாக உங்களுக்கு ஒரு வினா. உலைக்குள் நடந்த அதே சோதனையை, அதே 500° செ. வெப்பநிலையில், ஆனால் காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு வெற்றிடத்தில் செய்தால், தேய்மானம் கூடுமா, குறையுமா? மேற்சொன்ன மூன்று நிபந்தனைகளையும் கலிலியோவின் முளைகளையும் நினைத்துப் பாருங்கள்; விடை உங்களுக்கே புலப்படும்.